கையில் கட்டிய ஒட்டு

முதலில் அடங்காமல் போனவை என் கால்கள்தான். மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவது (நல்ல மரத்துக் குச்சியை நாட்டுக் கன்றின்மேல் வைத்துக் கட்டி ஒன்றாக்குவது) என் தொழில். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, அடிக்கன்றை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் செய்யவேண்டிய வேலை. அந்த ஆடி மாதம் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்புகள் ஊர ஆரம்பித்துவிடும். எழுந்து நடந்தால் போய்விடும். உட்கார்ந்தால் மறுபடியும் வரும்.

ஒரு கன்றைக் கட்டி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்தேன். கத்தியைக் கீழே வைப்பேன், எடுப்பேன், வைப்பேன். அந்தப் பருவத்தில் கட்டியவற்றில் பாதிக்கு மேல் உயிர் பிடிக்கவில்லை.

பிறகு கணுக்கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. வாயில் எப்போதும் ஒரு உலோகச் சுவை. உடம்பு முழுக்க அரிப்பு. செம்மண் புழுதி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கண்டரமாணிக்கத்தில் சாலையோரமாக நர்சரி வைத்து இருபத்தாறு வருடம் அந்தப் புழுதியில்தான் இருக்கிறேன் என்பதை யோசிக்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியபோதுதான் என் மனைவி வசந்தா பஸ்ஸில் ஏற்றி காரைக்குடிக்குக் கூட்டிப்போனாள்.

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த சிறுநீரக மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்.

"பிரஷர் கடைசியா எப்பப் பாத்தீக?"

"பாத்ததில்லைங்க டாக்டர்."

"முட்டி வலி, இடுப்பு வலின்னு மாத்திரை போடுவீகளா?"

"மெடிக்கல்ல வாங்கிப் போடுவேன். கட்டு வேலை இருக்கிற மாசம் தினமும்."

"எத்தனை வருசமா?"

நான் விரல்களை மடித்து எண்ணினேன். வசந்தா, "பத்து வருசம் இருக்கும்" என்றாள்.

கிரியாட்டினின் (தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு, அது இரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள்) பல மடங்கு ஏறியிருந்தது. அந்த வலி மாத்திரையாலும் பார்க்காமல் விட்ட பிரஷராலும் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன. திரும்பாது. அன்றே டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழிவையும் மிகுந்த நீரையும் பிரித்துவிட்டுத் திரும்ப உடலுக்குள் அனுப்புவது) தொடங்கவேண்டும் என்றார்.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவன். பாடத்தில் பாதியை நர்சரியில்தான் புரிந்துகொண்டேன். அன்று மருத்துவர் தாளின் பின்பக்கத்தில் சிறுநீரகத்தின் நுண்குழாய் முடிச்சை வரைந்து, அழுத்தம் கூடினால் அது எப்படித் தழும்பாகிறது என்று விளக்கியபோது, என் மனம் செடியின் தண்டுக்குள் போய் நின்றது.

செடிக்கு இரத்தக் கொதிப்பு வராது. வரவும் முடியாது. அதற்கு இதயமில்லை. வேரிலிருந்து நீரை ஏற்றும் சைலம் (நீர் செல்லும் குழாய்த் திசு) செத்த செல்களின் வரிசை; உள்ளீடற்ற குழாய். இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில் வேரிலிருந்து நீர் ஒரே நூலாக மேலே போகும். தள்ளுவதற்கு யாருமில்லை. அதனால் செடிக் குழாய்க்கு இருக்கும் ஆபத்து, உள்பக்கமாக நசுங்குவது. அதைத் தாங்கத்தான் சுவரில் கெட்டியான வளையங்கள். நம் தமனியோ (இதயத்திலிருந்து இரத்தம் போகும் குழாய்) தள்ளப்படும் குழாய். அதன் ஆபத்து வெளிப்பக்கமாக வீங்குவது, வெடிப்பது, முனையிலுள்ள மெல்லிய கிளைகளை அடித்து நொறுக்குவது. என் உடம்பில் பத்து வருடமாக ஓசையில்லாமல் நடந்தது அதுதான்.

இதை யோசித்துக்கொண்டிருந்ததால் மருத்துவர் கேட்டது காதில் விழவில்லை. வசந்தா என் தோளைத் தட்டினாள்.

கழுத்தில் குழாய் போட்டு முதல் டயாலிசிஸ் நடந்தது. நான்கு மணி நேரம். எல்லோரும் ஊசியைப் பற்றியும் வலியைப் பற்றியும்தான் கேட்டார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது அசையாமல் கிடப்பது. கால் உதறும். சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பேன், ஒரு மணி நேரம் போயிருக்கும் என்று நினைத்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். டெக்னீஷியன் நசீமா, முப்பது வயதிருக்கும், தேவகோட்டைப் பெண், என் கால்மாட்டில் தலையணையை வைத்து, "இத ஒதைச்சுக்கிட்டே இருங்கண்ணே, கழுத்த மட்டும் அசைக்காதீக" என்றாள்.

கழுத்துக் குழாய் தற்காலிகம். அதில் கிருமி புகுந்தால் நேராக இதயத்துக்கே போகும். நிலையான வழி ஃபிஸ்டுலா (கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவை செய்து இணைப்பது, சிரை என்பது இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய்). தமனியில் வேகம் உண்டு. ஆனால் ஆழத்தில் இருக்கிறது. சிரை தோலுக்கடியில் கைக்கெட்டும், ஆனால் வேகமில்லை. இரண்டையும் சேர்த்தால் தமனியின் வேகம் சிரைக்குள் பாயும். ஆறேழு வாரத்தில் சிரை தடித்து, அடிக்கடி ஊசி தாங்கும் குழாயாக மாறும். இந்த மாற்றத்தை மருத்துவர்கள் முதிர்தல் என்கிறார்கள். காய்க்குச் சொல்லும் அதே சொல்.

மதுரையில் அறுவை. மரத்துப்போக மட்டும் ஊசி போட்டிருந்ததால் நான் விழித்திருந்தேன். இடது கை ஒரு துணித் திரைக்கு அந்தப் பக்கம். அறுவை நிபுணர் ஐம்பதைத் தாண்டிய அம்மா. நான் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, பேச்சுக் கொடுத்தார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"ஒட்டுக் கட்டுறதுங்கம்மா. மாங்கன்னுக்கு."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்."

"இல்லைங்கம்மா. நீங்க குழாயக் குழாயோட தைக்கிறீக. நாங்க குழாயத் தொடுறதே இல்ல. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வழுவழுன்னு பச்சைப் படலம் ஒண்ணு இருக்கு. கீழ உள்ளதும் மேல உள்ளதும் ஒண்ணுல ஒண்ணு படுற மாதிரி வச்சு இறுக்கிக் கட்டிட்டாப் போதும். புதுக் குழாய செடியே பண்ணிக்கிரும்."

திரைக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் நூலை வெட்டும் ஓசை கேட்டது. ஒரு தையல் முடிந்திருக்க வேண்டும்.

"எங்களுக்கு அந்த வசதி இல்லை" என்றார். "இருக்கிற குழாயைத்தான் தைக்கணும். தவறினா அந்த இடம் போச்சு. நீங்க ஒட்டுக் கட்டின பிறகு என்ன பண்ணுவீங்க?"

"நெழல்ல வச்சிட்டு சும்மா இருக்கணும். கட்டப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா பிடிக்காது."

"அதை நீங்களே ஞாபகம் வச்சுக்கோங்க."

கட்டுப் பிரித்த நாளில் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். தோலுக்கடியில் ஒரு வண்டு இரைந்தது. த்ரில் என்கிறார்கள், இரத்தம் விரைந்து போவதால் வரும் அதிர்வு. காதருகே வைத்தால் ஓசையும் கேட்கும். அது இருக்கும்வரை குழாய் உயிரோடு இருக்கிறது. ஃபிஸ்டுலா போட்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கையில் கடிகாரம் வேண்டாம், பிரஷர் பார்க்க விடவேண்டாம், கனமான எதையும் தூக்கவேண்டாம், தலைக்கு அணையாக வைக்கவேண்டாம்.

மார்கழியில் முதல் ஊசி ஏறியது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். சட்டையின் மேல் பொத்தானைப் போட முடிந்தது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மற்ற நாட்களில் நர்சரி.

அப்படியே போயிருக்கலாம். சித்திரை வந்தது.

என் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டிருந்தது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீர், அதற்குள் காபி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அடக்கம். இளநீர் கூடவே கூடாது (அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும்). நானோ நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்து நிற்பவன். காலையும் மாலையும் இரண்டாயிரம் கன்றுகளுக்கு ஊற்றுகிறேன். ஒரு செடி குடிக்கும் நீரில் சொற்பம்தான் அதன் உடம்பில் தங்குகிறது. மற்றதெல்லாம் இலை வழியாக ஆவியாகப் போய்விடும். குடிப்பதும் விடுவதும்தான் அதன் ஓட்டமே. எனக்குள் போனது வெளியே வர வழியில்லை. இயந்திரம் வரும்வரை காலிலும் நுரையீரலிலும் தேங்கிக் கிடக்கும். தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரியும்போது ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறிய நேரம். வசந்தா வீட்டில் இருந்தாள். குழாயை வாயில் வைத்துக் குடித்தேன். நிறுத்த நினைத்தேன், நிற்கவில்லை. மாலையிலும் குடித்தேன்.

சனிக்கிழமை எடைக்கருவியில் ஏறினேன். உலர் எடையைவிட (உடம்பில் மிகுந்த நீரே இல்லாதபோது இருக்கவேண்டிய எடை) ஐந்து கிலோ கூடுதல்.

"என்னண்ணே இது? தண்ணி குடிச்சீகளா?" என்றாள் நசீமா.

"மோர் கொஞ்சம் கூடப் போச்சு."

வசந்தா என்னைப் பார்த்தாள். மோர் அவள்தான் கலக்குகிறவள்.

அவ்வளவு நீரை ஒரே அமர்வில் எடுத்ததில் மூன்றாவது மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, கால்களில் பிடிப்பு. சலைன் (உப்புநீர்) ஏற்றித் தேற்றி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிக்கட்டைத் தொட்டேன். வண்டு இல்லை.

அழுத்தம் குறைந்து ஓட்டம் தளர்ந்ததில் இரத்தம் அங்கே உறைந்துவிட்டது. அப்போதே மதுரைக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. தேய்த்துப் பார்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை காதில் வைத்துக் கேட்டேன். நர்சரிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறவனைப் போல் இரண்டு நாள். செவ்வாய்க்கிழமை நசீமா விரலை வைத்துப் பார்த்துவிட்டு மதுரைக்குப் பேசத் தொலைபேசியை எடுத்தாள்.

வெயிலில் வாடும் கன்றிலும் இதுபோல ஒன்று நடக்கிறது. இழுப்பு தாங்காமல் நீர் நூல் அறுந்து, சைலத்துக்குள் ஒரு காற்றுக் குமிழ் புகுந்துவிடும். அந்தக் குழாயில் இனி நீர் ஏறாது. ஆனால் பக்கத்தில் நூற்றுக்கணக்கில் குழாய்கள். சுவரிலுள்ள சிறு குழிகள் வழியாக நீர் பக்கத்துக் குழாய்க்கு மாறிப் போய்விடும், குமிழ் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். அடுத்த பருவத்தில் புதுக் குழாய்களோடு இன்னொரு வளையம் வரும். இந்த விசாலம் நமக்கு இல்லை. அந்த மணிக்கட்டில் எனக்கு இருந்தது ஒரே ஒரு சிரை.

அறுவை நிபுணர் அம்மா கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலையில" என்று சொல்ல வாய் வந்தது. வசந்தா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையிலங்கம்மா. வெள்ளிக்கிழமை குழாய்ல தண்ணி குடிச்சேன். ரெண்டு தடவை. அதனாலதான்."

அவர் திட்டவில்லை. "அன்னைக்கே வந்திருந்தா ரத்தக் கட்டியை எடுக்க முயற்சி பண்ணியிருப்பேன். இனி முழங்கைகிட்டதான் பார்க்கணும்" என்றார். பிறகு, "உண்மையைச் சொன்னது நல்லது. அடுத்ததுக்கு என்ன ஜாக்கிரதைன்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ண முடியும்."

திரும்பும் பஸ் திருப்பத்தூரைத் தாண்டியது. வசந்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தாகத்த நீங்க தனியா வச்சுக்கிட்டீக. நான் என்னமோ ஒங்களக் காவல் காக்குறவ மாதிரி ஆகிப்போனேன்."

"சொன்னா நீ என்ன செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது. தெரிஞ்சிருக்கும்ல."

மறுநாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அது சிரமமாக இருந்தது. "இப்ப தாகமா இருக்கு" என்று ஐம்பதைத் தாண்டிய மனிதன் வாய்விட்டுச் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும். அவள் சின்னக் கிண்ணங்களில் தண்ணீரை உறையவைத்தாள்; ஒரு கட்டியை வாயில் அடக்கினால் அரை மணி நேரம் தாங்கும். உப்பு குறைந்தால் தாகம் குறையும் என்பதால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. அவளும் சாப்பிடவில்லை. சாப்பிடச் சொன்னேன், "எனக்கும் பிரஷர் எட்டிப் பாக்குது" என்றாள். அது பொய்யா உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளையும் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் வரை அது என் மனதை அரித்துக்கொண்டிருக்கும்.

மறுபடியும் கழுத்துக் குழாய். ஒருமுறை அதில் கிருமி புகுந்து, டயாலிசிஸ் நடுவில் பல் கிட்டும் குளிர். பத்து நாள் மருந்து. வைகாசியில் முழங்கை மடிப்பில் இரண்டாவது ஃபிஸ்டுலா. இந்தமுறை நான் கையைத் தொந்தரவு செய்யவில்லை. காலையில் ஒருமுறை தொடுவதோடு சரி. பொறுமை வந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். கையை விட்டுவிட்டு வேறு எல்லாவற்றையும் படுத்தினேன். தொட்டிகளை இடம் மாற்றினேன், நிழல்வலையைக் கழற்றி மாட்டினேன், ஆளில்லாத வேலைக்கெல்லாம் போய் நின்றேன். ஆடியில் ஊசி ஏறியது. சிரை புடைத்து, முழங்கைக்கு மேல் ஒரு கயிறு போல் எழுந்து நின்றது. பார்க்கிறவர்கள் கண்ணை எடுத்துக்கொள்வார்கள். நான் அரைக்கைச் சட்டையை விடவில்லை.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறேன். எப்போது அழைப்பார்கள் என்று தெரியாது. அதிலும் செடிக்கு ஒரு சலுகை இருக்கிறது. எந்த மரத்துக் குச்சியை எந்தக் கன்றில் வைத்தாலும், இனம் ஒத்திருந்தால் ஏற்றுக்கொள்ளும். அந்நியனைத் தேடி அலையும் படை எதுவும் அதன் குழாய்களில் ஓடுவதில்லை. நம் இரத்தத்தில் ஓடுகிறது. கூடப்பிறந்தவர் கொடுத்தாலும் ஆயுள் முழுக்க மாத்திரை போட்டு அந்தப் படையை அடக்கவேண்டும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். வெளியே அடைமழை. எனக்கு இன்னும் அரை மணி நேரம் மீதி. மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது. அறையில் நோயாளிகள் நாங்கள் நான்கு பேர். இரண்டு இயந்திரங்கள் பேட்டரியில் ஓடின. என்னுடையதும் எதிர்க்கட்டிலில் இருந்த பெரியவருடையதும் பழையவை. கொஞ்ச நேரம் கூவிவிட்டு நின்றன. என் இரத்தம் குழாய்களிலும் வடிகட்டியிலும் அப்படியே நின்றது. ஒரு கண்ணாடிக் குவளை அளவு இருக்கும்.

நசீமா ஓடிவந்து இயந்திரத்தின் முகப்பைத் திறந்து, இரத்தத்தைத் தள்ளும் உருளையில் ஒரு கைப்பிடியைச் செருகினாள். "ரத்தத்த உள்ள அனுப்பிரணும்ணே. நின்னா உறைஞ்சிரும்." என் கையிலிருந்து வரும் குழாயை மூடி, அந்த இடத்தில் சலைன் பையை இணைத்துச் சுற்றத் தொடங்கினாள். எதிர்க்கட்டில் பெரியவரை அங்கே இருந்த ஒரே நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு அழுத்தம் சரிந்து, தலை தொங்கியது. நர்ஸ், "நசீமா" என்று கூப்பிட்டார்.

நசீமா கதவைப் பார்த்தாள். வசந்தா அங்கே நின்றிருந்தாள்.

"அக்கா, இங்குட்டு வாங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க. இதப் பிடிங்க. இந்தப் பக்கமாத்தான் சுத்தணும். நிறுத்தாதீக, வேகமாவும் வேணாம். அண்ணே, நீங்க இந்தப் பையையும் இந்தக் கூண்டையும் பாத்துக்கிட்டே இருங்க. பை காலியாகுறதுக்கு முன்னாடி என்னயக் கூப்பிடணும். குமிழ் தெரிஞ்சா ஒடனே நிறுத்தச் சொல்லுங்க."

காற்றுக் குமிழ் ஒன்று இரத்தத்தோடு உள்ளே போனால், நுரையீரலை அடைத்துவிடும். அதை நிறுத்தும் கருவி மின்சாரத்தில் ஓடுவது. இப்போது அது என் கண்.

வசந்தா சுற்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரே சீராக. சிவப்பு மெல்ல நகர்ந்தது. நான் அந்தச் சிறு கூண்டில் (உடலுக்குத் திரும்பும் இரத்தத்திலிருந்து காற்றைப் பிரித்து நிறுத்தும் பிளாஸ்டிக் குப்பி) இரத்தத்தின் மேல்மட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூச்சை இழுத்து விடுவதற்குக்கூட யோசித்தேன். குழாய் சிவப்பிலிருந்து ரோஸ் நிறமாகவும், பிறகு நிறமே இல்லாமலும் ஆயிற்று.

"நசீமா, பை தீரப்போகுது" என்றேன்.

அவள் ஓடிவந்து குழாயை மூடினாள். பெரியவர் அதற்குள் கண் திறந்து யாரிடமோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் வந்தது. வசந்தா கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றாள். நசீமா அவள் விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

மழை விட்டபின் ஊருக்குப் பஸ் ஏறினோம். வசந்தா வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒரு மணி நேரம் சுத்திருப்பியா?" என்று கேட்டேன்.

"பத்து நிமிசம். கடியாரத்தப் பாத்தேன்."

"எனக்கு அப்படித் தெரியல."

"எனக்கும் தெரியல. அதான் பாத்தேன்."

இரண்டு நாள் அவளால் அந்தக் கையால் குடம் தூக்க முடியவில்லை. நான்தான் வலது கையால் தூக்கினேன்.

பத்து நிமிடம் சுற்றியதற்கு அந்த வலி. எனக்குள் இதயம் என்ற ஒன்று ஐம்பத்திரண்டு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, கை மாற்றிக்கொள்ள ஆளில்லாமல், நான் தூங்கும்போதும், கோபப்படும்போதும், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும். செடிகளை எத்தனையோ முறை திறந்து பார்த்திருக்கிறேன். இதை ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறேன். நினைத்துவிட்டால் ஒரு நாள் என்பது மிகவும் நீளமாக இருக்கிறது. அதில் எவ்வளவோ நடக்கிறது.